இறங்காத தட்டு

ஒச்சாயி நாள் எண்ணினால் தப்பாது என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பசுவைச் சினைக்கு விட்ட நாளைச் சொன்னால் போதும், கன்று விழுகிற நாளைச் சொல்லிவிடுவாள். ஒருநாள் முன்னே பின்னே இருக்குமே தவிர அதற்கு மேல் தள்ளாது. ஸ்கேன் எடுத்துத் தேதி குறித்துக்கொண்டு வருகிற பிள்ளைத்தாய்ச்சிகள்கூட, வரும் வழியில் அந்தச் சீட்டை அவளிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். "அவுக கெடக்காக" என்று சீட்டை ஒதுக்கிவிட்டு, விரலை மடக்கி அவளாக ஒரு தேதி சொல்லுவாள். அந்த விரல்களுக்குப் பயந்துதான் அவள் மருமகள் தாமரைச்செல்வி நாலு மாதமாக உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டத்தை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு இருந்தது. அதன் சுவரில் ஆணியடித்து ஒரு அலுமினியத் தட்டு மாட்டியிருக்கும். வீட்டுக்குத் தூரமாகிற நாளில் தாமரை அந்தத் தட்டை இறக்கிக்கொள்ள வேண்டும். மூன்று நாளும் அதில்தான் சோறு, சாய்ப்பில்தான் பாய். நாலாம் நாள் தலைக்கு ஊற்றி, தட்டை விளக்கி மாட்டிவிட்டு உள்ளே வரலாம். திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே அந்தப் பக்கத்து ஊர்களில் பாதிப்பேர் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். ஒச்சாயி விடவில்லை. குலசாமிப் பெட்டி இருக்கிற வீடு, இப்படித்தான் இருக்கும் என்று பெண் பார்க்கப் போன அன்றைக்கே சொல்லிவிட்டாள். பிறகு வந்து முகம் சுளிக்கக் கூடாதாம்.

சித்திரை பத்தாம் தேதி தலைக்கு ஊற்றியவள் தாமரை. அதற்குப் பிறகு தட்டு இறங்கவில்லை.

இறங்காததற்குக் காரணம் ஒரு மாத்திரை. அதைத் தாமரையும் அவள் புருசன் தங்கப்பாண்டியும் தவிர அந்த வீட்டில் யாரும் அறியார். யாரும் என்றால் ஒச்சாயிதான், வேறு ஆள் கிடையாது.

கல்யாணமான மூன்று வருடமும் தூர நாளென்றால் தாமரைக்கு உயிர் போய் உயிர் வரும். சாய்ப்பில் சுருண்டு கிடந்து, சத்தம் வெளியே வராமலிருக்கத் துண்டைக் கடித்துக்கொள்வாள். ஒச்சாயி கொட்டத்தில் சாணி அள்ளிக்கொண்டே, எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான், நானெல்லாம் அந்த வலியோடு நடவு நட்டவள் என்பாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. வலிக்கும் வலிக்கும் வித்தியாசம் உண்டு என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. இந்த வருடம் பங்குனியில், பில் போடும் வேலை பார்த்த உரக்கடையில் தாமரை மயங்கி விழுந்தாள். தங்கப்பாண்டி அவளை ஆரப்பாளையம் பக்கம் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனான்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். கருப்பைக்குள் மட்டும் இருக்க வேண்டிய சதை இவளுக்குச் சினைப்பையிலும் வளர்ந்திருக்கிறது. மாதாமாதம் அதுவும் சேர்ந்து உதிரம் விடுகிறது. வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிக் கட்டியாகிவிட்டது, இரண்டு பக்கமும். உள்ளே உறைந்த பழைய ரத்தத்தின் நிறத்தை வைத்துச் சாக்லேட் கட்டி என்பார்களாம். பெயர் வைத்தவனுக்கு அந்த வலி வந்ததில்லை என்று தாமரை நினைத்துக்கொண்டாள்.

சித்திரைக் கடைசியில் வயிற்றில் மூன்று துளை போட்டு ஆபரேஷன் நடந்தது. வலது சினைப்பையைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். இடது பக்கம் கட்டியை மட்டும் உரித்தெடுத்து மிச்சத்தை விட்டுவைத்தார்கள். குடலை ஒட்டிக் கொஞ்சம் எடுக்க முடியாமல் நின்றுபோனதால் ஆறு மாதம் ஹார்மோன் மாத்திரை. தினம் ஒன்று, ஒரே நேரத்தில். அதுவரை தூரம் நின்றுபோகும், நிற்பதுதான் வைத்தியம், மாத்திரையை நடுவில் விட்டால் உதிரம் திரும்பும், ஒருநாளும் விடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. ஆறு மாதம் முடிந்ததும் தாமதிக்காமல் பிள்ளைக்குப் பார்க்கலாம். கிடைக்குமா என்று தாமரை கேட்டாள். வாய்ப்பு இருக்கிறது, சத்தியம் பண்ணித் தர முடியாது என்று பதில் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே தங்கப்பாண்டி முடிவு செய்துவிட்டான். ஆத்தாவிடம் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்வது. அதற்கும் மூன்று துளைதான், தழும்பைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அவன் பயந்தது ஆத்தாவுக்கு அல்ல, ஆத்தாவின் அண்ணன் சோலைக்கு. சோலையின் மகள் முத்துமீனா தங்கப்பாண்டிக்கு முறைப்பெண். அவளை விட்டுவிட்டு அவன் தாமரையைக் கட்டியதில் சோலைக்கு ஆறாத கோபம், முத்துமீனாவுக்கு இன்னும் வரன் அமையவில்லை. ஒரு சினைப்பை போய்விட்டது என்று தெரிந்தால் மறுநாளே சோலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டாம் கல்யாணப் பேச்சோடு வந்து உட்காருவார். ஒச்சாயி அண்ணன் பேச்சைத் தட்டியது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, மகன் கல்யாணத்தில். இன்னொரு தடவை தட்டுவாளா என்பது யாருக்கும் தெரியாது.

வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. ஒச்சாயி தட்டைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், விரலை மடக்கினாள். மாத்திரை பண்ணுகிற கோளாறெல்லாம் அவளுக்குச் சாட்சியாக வந்து நின்றது. காலையில் குமட்டல், மார்பில் கனம், ஒன்றுமில்லாததற்குக் கண்ணில் தண்ணீர், உடம்பிலும் ஒரு சுற்று சதை. மாதம் ஒருமுறை மகன் அவளை ஆரப்பாளையத்துக்குக் கூட்டிப்போவதும் கணக்கில் சேர்ந்தது. ஆடி பிறந்ததும் ஒருநாள் தாமரையைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாள் தள்ளியிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா அத்தை" என்றாள் தாமரை. அது பொய்யில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை அவள் அதுவரை சொன்னதில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காற்று மாறி அடித்தது. தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது, கழனித் தண்ணி வாளியைத் தூக்கக் கூடாது. திருப்பரங்குன்றம் சந்தையிலிருந்து மாங்காயும் நாரத்தங்காயும் வந்தன. வெள்ளிக்கிழமைதோறும் ஒச்சாயியே உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். தாமரை ஒன்பது வயதில் தாயைப் பறிகொடுத்தவள். அதன் பிறகு அவள் தலையை இன்னொரு கை தொட்டதேயில்லை. காலையில் எழுந்ததும் இன்றைக்கு எப்படியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். எண்ணெய்க் கிண்ணத்தோடு அத்தை வந்து உட்கார்ந்ததும், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆகிவிடும். அந்தக் கை அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் செய்த தப்பு என்றால் அதுதான்.

புருசனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் எப்போதும் பிரச்சினையை நாளைக்குத் தள்ளிவைத்தே காலம் கடத்துகிற ஆள். ஆறு மாதம் முடியட்டும், உடனே நிஜமாகவே நின்றுவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டியிராது என்றான். பிறகு ஒச்சாயியின் கணக்கில் கூடுதலாக ஆறு மாதம் எங்கே போகும் என்று தாமரை கேட்டதும், சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

ஆவணியில் ஒச்சாயி நாள் குறித்தாள். சித்திரை பத்திலிருந்து எண்ணினால் நாலு முடிந்து அஞ்சு பிறக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு, பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிறந்த வீட்டார் சோறு கட்டிவந்து போடுகிற விசேசம். தாமரையின் அண்ணன் ராஜபாண்டிக்குப் போன் போட்டு, தாயில்லாத பிள்ளை என்று குறை வைக்காமல் அஞ்சு வகைச் சோறும் கட்டிக்கொண்டு வரச் சொன்னாள். சோலைக்கும் போன் போட்டாள். "என் மருமக முழுகாம இருக்காண்ணே" என்று தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள். மூன்று வருடமாக அண்ணனிடம் சொல்லக் காத்திருந்த வார்த்தை அது.

அதோடு விட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். திங்கட்கிழமை, அலமாரியில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். ஆபரேஷன் புண் ஆறி மூன்று மாதமாகிவிட்டது, இன்னும் என்ன மாத்திரை, வயிற்றுப் பிள்ளைக்குச் சூடு என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தாமரை பின்னாலேயே போனாள். கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். சொல்ல வாய் வராமல் திரும்பி வந்தாள். தங்கப்பாண்டி புது அட்டை வாங்கி வருகிறேன் என்றான். அன்றைக்கு மறந்தான். மறுநாள் கடையில் இருப்பு இல்லை என்று வந்தான். அதற்கு மறுநாள் வேலை முடியக் கடை மூடிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை தாமரை கொட்டத்துப் பக்கம் வைக்கோல் எடுக்கப் போனபோது அடிவயிற்றில் பழைய கத்தி திரும்பியது. தொழுவக் கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பின்னால் வந்த ஒச்சாயி அவள் சேலையைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எழுந்து, மருமகளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய்த் தன் கட்டிலிலேயே படுக்கவைத்தாள். தீட்டு, சாய்ப்பு, சாமிப் பெட்டி எதுவும் அவள் நினைப்பில் இல்லை. மகனுக்குப் போன் போட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றத்து மலையைச் சுற்றிவர மருமகளையும் நடக்கவைத்துக் கூட்டிப்போயிருந்தாள், நன்றி சொல்லத்தான். அந்த நடைதான் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று அவளாக முடிவு கட்டி, பெட்டி இருந்த அறையில் போய் நெற்றி தரையில் பட விழுந்தாள்.

தங்கப்பாண்டி வந்தான். கட்டிலருகே குனிந்து, அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வேகமாக யோசித்தான்.

"கலைஞ்சிருச்சுன்னே இருக்கட்டும் தாமரை. நீ ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா படுத்திரு. ஒருதடவ நின்னு கலைஞ்சுச்சுன்னா, இனி எவனும் ஒன்னையப் பிள்ளை பெறாதவன்னு சொல்ல முடியாதுல்ல. சோலை மாமா வாயும் அடைஞ்சு போகும்."

தாமரை அவனைப் பார்த்தாள். அவன் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. எல்லாரும் அழுவார்கள், கட்டுச்சோறு நிற்கும், மாத்திரை எப்படியாவது வந்துவிடும். அவளுக்கு ஒரு பிள்ளை நின்று கலைந்துபோயிற்று என்று ஊர் நம்பும். வாய் திறக்காமல் படுத்திருந்தால் போதும், வாழ்க்கை மிஞ்சிவிடும். கொஞ்ச நேரம் அவள் அப்படித்தான் படுத்திருந்தாள், கண்ணை மூடிக்கொண்டு. அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்து அவள் பிற்பாடு பலநாள் வெட்கப்பட்டிருக்கிறாள்.

பக்கத்து அறையிலிருந்து ஒச்சாயியின் குரல் வந்தது. சத்தமாக அழவில்லை. சாமியிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு மாசமும் பதினேழு நாளும் ஆன பிள்ளை, கண்ணு மூக்கு வச்சிருக்கும், நான்தேன் நடக்க வச்சுக் கொன்னுட்டேன், எனக்கு எதைக் குடுக்கணுமோ குடு என்று. இல்லாத ஒரு பிள்ளைக்கு அவள் நாளும் மாதமும் சொல்லி, சாகிறவரை சுமக்கப் போகிறாள் என்று தாமரைக்குப் புரிந்தது. அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த அறை வாசலுக்குப் போனாள்.

"அத்தை, பிள்ளை கலையல."

ஒச்சாயி வெடுக்கென்று தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. "இருக்கா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த வார்த்தையைச் சொல்வதற்கு, வயிற்றில் மூன்று துளை போட்டதையே இன்னொரு தடவை தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இல்ல அத்தை. பிள்ளையே உண்டாகல."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கட்டி, ஆபரேஷன், எடுத்ததும் மிச்சமிருப்பதும், மாத்திரை, அது தூரத்தை நிறுத்திவைத்தது, மூன்று நாள் விட்டதில் திரும்ப வந்தது, எல்லாம். தங்கப்பாண்டி பின்னால் வந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.  முடிந்ததும் ஒச்சாயி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப ஒண்ணுதேன் இருக்கா?"

"ஒண்ணுதான் அத்தை. அதுவும் முழுசா இல்ல."

ஒச்சாயி எழுந்தாள். மகன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். கொட்டத்துக்குப் போய்ப் பசுவை அவிழ்த்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விட்டாள். அது மேய்ச்சலுக்குப் போகிற நேரமே இல்லை.

தாமரை குளித்து, சாய்ப்புக்குப் போய்ப் பாயை விரித்தாள். தட்டை ஆணியிலிருந்து இறக்கினாள். அதன் மேல் நாலு மாதத் தூசி படிந்திருந்தது. தங்கப்பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டான். பயப்பட வேண்டாம், இன்றைக்கே வழக்கமான நேரத்தில் மாத்திரையைத் திரும்பத் தொடங்குங்கள், ரத்தம் அதிகமானாலோ வலி தாங்காவிட்டாலோ உடனே வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னாராம். அட்டை எங்கே இருக்கிறது என்று ஒச்சாயிக்குத்தான் தெரியும். அவன் அட்டை தேடி மதுரைக்கே கிளம்பிப் போனான். தாமரை துணியை ஒரு பையில் எடுத்துவைத்தாள். நாளைக் காலையில் அண்ணன் சோற்றுச் சட்டிகளோடு வந்து இறங்கினால், அதே வண்டியில் அவளும் திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கும்போது அழுகை வரவில்லை. சொல்லிவிட்டோம் என்ற களைப்பு மட்டும் இருந்தது.

வெயில் இறங்கிய பிறகு ஒச்சாயி வந்தாள். தங்கப்பாண்டி இன்னும் திரும்பவில்லை. பசுவைக் கட்டினாள். தொட்டியில் கைகால் கழுவினாள். வீட்டுக்குள் போய் ஏதோ பாத்திரத்தை உருட்டினாள். பிறகு நேராகச் சாய்ப்புக்கு வந்து, தாமரை படுத்திருந்த அந்தப் பாயிலேயே காலை மடக்கி உட்கார்ந்தாள். தாமரை பதறி நகர்ந்தாள்.

"இரு. நான் அப்பறம் குளிச்சுக்கிருறேன்" என்றாள் ஒச்சாயி. பாயைக் கையால் தடவினாள். "இங்கன நீ சுருண்டு கெடந்ததெல்லாம் அதுதானா?"

"ஆமா அத்தை."

"மூணு வருசமாவா?"

"அதுக்கு முன்னாடியும்."

ஒச்சாயியின் விரல்கள் பழக்கத்தில் தானாக மடங்கின. "மாசம் மூணு நாளு. நூத்திச் சொச்சம் நாளு" என்றாள். பக்கத்தில் கொட்டத்தைப் பார்த்தாள். "இந்தா இருக்கு கொட்டம். ராவுல கன்னுக்குட்டி கனைச்சாக்கூட எந்திரிச்சு வந்து பாப்பேன்த்தா."

  பசு அசை போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒச்சாயி மடியிலிருந்து போனை எடுத்தாள். பொத்தான் வைத்த பழைய போன், இரண்டை அமுக்கிப் பிடித்தால் சோலைக்குப் போகும். சாய்ப்பு முழுக்கக் கேட்கிற சத்தம் அதற்கு. நாளைக்குக் கட்டுச்சோறு இல்லை, ஆட்களுக்குச் சொல்லிவிடு என்றாள். 

"என்ன ஒச்சா, கலைஞ்சிருச்சா?" என்றார் சோலை. குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது.

 ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேரும் போகாது, மானமும் போகாது. கேட்டவரே எடுத்துக் கொடுத்த வார்த்தை. ஒச்சாயி மருமகளைப் பார்த்தாள், பிறகு சுவரில் வெறுமனே இருந்த ஆணியைப் பார்த்தாள்.

"இல்லண்ணே. பிள்ளை இல்ல. என் கணக்குத் தப்பிப்போச்சு. பிள்ளைக்கு வயித்துல கட்டி, ஆப்ரேசன் பண்ணி மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. நான்தேன் தெரியாம ஊரெல்லாம் சொல்லிப்புட்டேன்."

சோலை ஏதோ ஆரம்பித்தார். இதற்குத்தான் அன்றைக்கே சொன்னேன் என்றும், மீனா இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள் என்றும் குரல் மெல்ல ஏறியது. ஒச்சாயி முழுவதையும் கேட்டாள்.

"மீனாவுக்கு வெளிய மாப்ள பாருண்ணே. நான் முன்னால நின்னு செய்யிறேன். இங்கன எடம் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தாள்.  அண்ணனைத் தட்டியது இது இரண்டாவது தடவை.

பிறகு இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்தாள். அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருந்தாளாம், மாவு ஒட்டியிருந்தது. எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஏழு மணிக்கு என்றாள் தாமரை. ஏழாகப் பத்து நிமிடம் இருந்தது. ஒச்சாயி எழுந்து போய், தான் தினமும் குடிக்கிற பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் அந்தப் பத்து நிமிடம் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழானதும் மாத்திரையைப் பிதுக்கி, தாமரையின் உள்ளங்கையைப் பிடித்து அதில் வைத்தாள். பிடித்த கையை விடவில்லை.

"இன்னும் எம்புட்டு நாளு சாப்பிடணும்?"

"ரெண்டு மாசம் இருக்கு அத்தை. அதுக்கப்பறமும் பிள்ளை நிக்கும்னு உறுதியாச் சொல்லலை."

"அதை நான் கேக்கல" என்றாள் ஒச்சாயி. "மாத்திரைய விடக் கூடாதுல்ல. இனிமே அதை நான் எண்ணிக்கிறேன்."

தாமரை மாத்திரையை வாயில் போட்டுச் செம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள். அது தொண்டையைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒச்சாயி சுண்டுவிரலை மடக்கினாள்.